காம்போடு தொங்கும் கூடு: டசர் பட்டு அந்துப்பூச்சியை இனங்காணுதல்

சோட்டா நாகபுரிப் பீடபூமியில் கோடை நெருங்கும்போது கருமருது இலை கொட்டி நிற்கும். சில மரங்களின் மொட்டைக் கிளைகளில், போன பருவத்துக் காய் ஒன்று பறிபடாமல் விட்டுப்போனதைப் போல, நாலைந்து சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு பொருள் தொங்கும். மங்கிய மஞ்சள் நிறம் அல்லது சாம்பல் நிறம். விரலால் அழுத்தினால் அமுங்காது. மேல்முனையிலிருந்து உறுதியான காம்பு ஒன்று எழும்பி, கிளையைச் சுற்றி ஒரு கரிய வளையமாக முடிந்திருக்கும். பிடித்து இழுத்தால் சுள்ளிதான் ஒடியும், வளையம் விடாது. உள்ளே ஒரு கூட்டுப்புழு மழைக்காகக் காத்திருக்கிறது. ஜவுளிக்கடையில் ‘டஸ்ஸர்’ என்று எடுத்துக் காட்டப்படும் புடவையின் நூல் இந்தக் கூட்டிலிருந்து வருவது.

இந்தக் கூட்டைக் கட்டும் பூச்சிக்கு அறிவியலில் ஆந்தேரியா மைலிட்டா என்று பெயர். சாட்டர்னிடே குடும்பத்தைச் சேர்ந்த காட்டுப் பட்டு அந்துப்பூச்சி. மல்பெரிப் பட்டுப்பூச்சி பல ஆயிரம் ஆண்டுகளாக மனிதன் கையிலேயே வளர்ந்து பறக்கும் திறனையும் இழந்துவிட்டது. டசர் பூச்சி அப்படி ஆகவில்லை. வளர்ப்போர் கையில் முட்டையிட்டாலும் அதன் புழு வெட்டவெளி மரத்தில்தான் தின்று வளர்கிறது. இறகை மட்டும் வைத்து இதை இனங்காண முயன்ற பூச்சியியலாளர்கள் இரண்டரை நூற்றாண்டாக ஓர் உடன்பாட்டுக்கு வர முடியாமல் திணறியிருக்கிறார்கள். மரம், பருவம், முட்டை, புழு, கூடு என்று அதன் ஆண்டு முழுவதையும் சேர்த்துப் படித்தால் மட்டுமே இந்தப் பூச்சி பிடிபடும் என்பது என் கருத்து. அப்படிப் படிக்கத் தவறினால் நட்டம் அருங்காட்சியகப் பெட்டியோடு நிற்பதில்லை, காட்டையும் எட்டுகிறது.

இறகு சொல்வதும் சொல்லாததும்

முதலில் இறகையே பார்ப்போம். விரித்த இறகுகளின் அகலம் ஏறக்குறைய 15 முதல் 18 சென்டிமீட்டர். பெண் பெரிது, ஆண் சற்றுச் சிறிது. நான்கு இறகுகளிலும் நடுவே ஒவ்வொரு கண்புள்ளி உண்டு. அதன் மையத்தில் செதில்களே இல்லாத வட்டம் ஒன்று கண்ணாடியாகத் தெளிந்திருக்கும். இறகுக்குப் பின்னால் எழுத்து அச்சான தாளை வைத்தால் அந்த வட்டத்தின் வழியே எழுத்து தெரியும். வட்டத்தைச் சுற்றி மெல்லிய வண்ண வளையங்கள். முன்னிறகின் முன்விளிம்பு நெடுகச் சாம்பல் நிறப் பட்டை ஓடி, தலைக்குப் பின்னுள்ள கழுத்துப் பகுதியையும் கடந்து மறுபக்க இறகுக்குத் தொடரும். வெளிவிளிம்புக்கு இணையாக இன்னொரு கோடு.

ஆணையும் பெண்ணையும் பிரிப்பது எளிது. ஆணின் உணர்கொம்புகள் அகன்று அடர்ந்து கிளைத்தவை. பெண் காற்றில் விடும் வாசனையைப் பிடிக்க அவ்வளவு பரப்பு வேண்டியிருக்கிறது. பெண்ணின் உணர்கொம்புகள் ஒடுங்கியவை, வயிறோ முட்டைகளால் பருத்திருக்கும். ஆணின் முன்னிறகு நுனி பெண்ணுடையதைவிட அதிகம் வளைந்து கூர்மையாகும். நிறத்தைப் பொறுத்தவரை ஆண் பெரும்பாலும் செங்கல் பழுப்பு, பெண் மஞ்சள் அல்லது சாம்பல்.

இந்த ‘பெரும்பாலும்’ என்பதில்தான் தொல்லை. ஒரே தாயின் பிள்ளைகளிலேயே நிறம் வேறுபடும். மாவட்டத்துக்கு மாவட்டம் இன்னும் வேறுபடும். 1758இல் லின்னேயஸ் ‘பாஃபியா’ என்ற பெயரில் ஒரு பட்டு அந்துப்பூச்சியை விவரித்தார். 1773இல் ட்ரூரி ‘மைலிட்டா’ என்று இன்னொன்றைப் படத்துடன் வெளியிட்டார். ஆந்தேரியா என்ற பேரினத்தை ஹியூப்னர் 1819இல் வகுத்தார். கல்கத்தா தாவரவியல் தோட்டத்தின் கண்காணிப்பாளராக இருந்த வில்லியம் ராக்ஸ்பர்க், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வங்காளத்து டசர் புழுவைப் பற்றி லண்டன் லின்னேயன் சங்க இதழில் எழுதியபோது பாஃபியா என்றே குறித்தார். 1892இல் பிரிட்டிஷ் இந்திய விலங்கினத் தொகுதிக்காக அந்துப்பூச்சிகளைத் தொகுத்த ஹாம்ப்சனும் எல்லாவற்றையும் பாஃபியாவுக்குள் அடக்கினார். இன்றைய பட்டு ஆராய்ச்சி நிலையங்களோ மைலிட்டா என்கின்றன. இரண்டும் ஒன்றா, அண்டை இனங்களா என்பதில் வகைப்பாட்டாளர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. பழைய நூல்களைப் படிப்பவர் பாஃபியா என்று கண்டால், எந்த மரத்தில், எந்த ஊரில் எடுத்த பூச்சி என்பதையும் சேர்த்துப் படித்தாக வேண்டும்.

குடும்பத்தின் மற்ற உறுப்பினர்களிடமிருந்து பிரிப்பதில் அவ்வளவு சிரமம் இல்லை. பின்னிறகில் நீண்ட வாலும் வெளிர் பச்சை இறகுகளும் கொண்டது நிலா அந்துப்பூச்சி. கண்ணாடிப் புள்ளி முக்கோணமாக இருந்தால் அது அட்லஸ் வகை, பிறை வடிவமாக இருந்தால் ஆமணக்கு உண்ணும் எரிப் பட்டுப்பூச்சியின் உறவு. முந்திரியிலும் மாவிலும் பொன்னிற வலைக்கூடு கட்டும் சிறிய பூச்சி கிரிக்குலா. புள்ளி வட்டமாக, நான்கு இறகிலும் ஒன்றாக இருந்தால் ஆந்தேரியா என்று பேரினம் வரை நம்பிச் சொல்லலாம். அதற்கு மேல் போக இடம் உதவும். முகா பட்டைத் தரும் ஆந்தேரியா அசாமென்சிஸ் வடகிழக்கில் வாழ்கிறது. ராய்லீ இமயமலைச் சரிவின் ஓக் மரங்களில். ஆண்டமானா அந்தமான் தீவுகளில். இலங்கையில் சிங்கலேசா என்று ஓர் இனம் உண்டு. பாஃபியா என்று பெயரிடப்படும் பூச்சி தமிழ்நாட்டிலும் விளக்கு வெளிச்சத்துக்கு வருவதுண்டு. அதைப் படமெடுப்பவர்கள் இறகோடு நிறுத்திவிடுகிறார்கள். பக்கத்தில் இலந்தையோ நாட்டு வாதுமையோ நாவலோ மருதோ நின்றால் அதன் பெயர், தேதி, கிளையில் கூடு இருந்தால் அதன் காம்பின் நீளம் ஆகியவற்றையும் குறித்துவைத்தால் அந்தப் படத்துக்கு ஆய்வு மதிப்பு பல மடங்கு கூடும்.

உடலுக்குள் போனால் உறுதியான சான்றுகள் கிடைக்கின்றன. மைலிட்டாவின் குரோமோசோம்கள் 31 இணை, முகாவுக்கு 15 இணைதான், சீன ஓக் பட்டுப்பூச்சியான பெர்னியிக்கு 49. ஒரே பேரினத்துக்குள் இவ்வளவு இடைவெளி இருப்பது வியப்புக்குரியது. ஆணின் இனப்பெருக்க உறுப்பின் வடிவமும், மைட்டோகாண்ட்ரியாவிலுள்ள ஒரு குறிப்பிட்ட மரபணுத் துண்டின் வரிசையும் இன்று இனம் பிரிக்கப் பயன்படுகின்றன. ஆனால் காட்டில் நிற்பவர் கையில் இவை இருக்காது. அவருக்குக் கிடைப்பது முட்டையும் புழுவும் கூடும்.

முட்டையிலிருந்து கூடு வரை

வெளிவந்த மாலையிலோ மறுநாள் மாலையிலோ பெண் இணை சேர்கிறது. ஓர் இரவு முழுக்கப் பிணைந்திருக்கும். பிறகு மூன்று நாளுக்குள் முட்டைகளில் பெரும்பகுதியை இட்டுவிடும். ஒரு தாய்க்கு 150 முதல் 250 வரை. முட்டை மூன்று மில்லிமீட்டர் அளவு, ஏறக்குறைய 10 மில்லிகிராம் எடை, மேலும் கீழும் சற்றுத் தட்டையான நீள்வட்டம். அதன் இடுப்பில் இணையாக ஓடும் இரண்டு பழுப்புக் கோடுகள் உண்டு. தாய் சுரக்கும் பசை படிந்து உண்டாகும் அந்தக் கோடுகள்தாம் முட்டையின் அடையாளம். மழைக்கால வெப்பத்தில் எட்டு முதல் பத்து நாளில் பொரிக்கும்.

பொரிந்த புழு முதலில் தன் முட்டை ஓட்டைத் தின்கிறது. ஏழு மில்லிமீட்டர் நீளம், எட்டு மில்லிகிராம் எடை, மங்கிய பழுப்பு மஞ்சள் உடல், கரிய தலை. இந்தப் பருவத்தில் பார்த்தால் இதுதான் டசர் புழு என்று யாருக்கும் தோன்றாது. முதல் தோலுரிப்புக்குப் பின் பச்சைக்கு மாறும். நான்கு முறை தோல் உரித்து ஐந்து பருவம் கடந்து முழு வளர்ச்சி அடையும்போது 13 சென்டிமீட்டர் நீளமும் 50 கிராம் வரை எடையும் எட்டியிருக்கும். அதாவது பிறந்த எடையைப்போல ஆறாயிரம் மடங்குக்கும் மேல். தின்னும் இலையில் மிகப் பெரும் பங்கு கடைசிப் பருவத்திலேயே தீர்கிறது.

வளர்ந்த புழுவை மறக்க முடியாது. மருதின் இளம் இலையோடு ஒத்த பச்சை, கண்டங்கள் தோறும் ஊதா சாயலுள்ள சிறு முண்டுகள், அவற்றின் மேல் முடிகள், பக்கவாட்டில் நெடுக ஒரு மஞ்சள் கோடு. அதற்கு மேலே, முன்பக்கக் கண்டங்களின் விலாவில், வெள்ளி போல மின்னும் புள்ளிகள். இலைகளின் ஊடே ஒளி சிதறும் இடத்தில் இந்த மினுமினுப்பு புழுவைக் காட்டிக்கொடுக்காமல் மறைத்துவிடுகிறது. பச்சை பெரும்பான்மை. மஞ்சள், நீலம், வெளிர் நிறப் புழுக்களும் ஒரே மரத்தில் வரும். இந்த நிறங்கள் பரம்பரையாக இறங்குபவை, தனி இனத்தின் அடையாளம் அல்ல. மழைக்காலத்தில் புழுப் பருவம் 30 முதல் 35 நாள். குளிர்காலத்தில் அதுவே இரு மடங்கை நெருங்கும்.

கருமருது, நீர்மருது, சால் ஆகிய மூன்றும் முதன்மை உணவு மரங்கள். இலந்தை, நாவல் முதலியன அடுத்த நிலை. ஜார்க்கண்டின் ஹோ, முண்டா, சந்தால் குடும்பங்கள் இந்த மரத்தோப்புகளில் குடிசை போட்டுக்கொண்டு புழுக்களைக் காக்கின்றன. ஒரு மரத்தில் இலை தீர்ந்ததும் புழுக்கள் ஒட்டிய சுள்ளியோடு வெட்டி அடுத்த மரத்துக்கு மாற்றுவார்கள். பறவைகளை விரட்டக் கவணும் மண்ணுருண்டையும். வளர்ப்புக் காலம் முழுக்க உணவிலும் உறவிலும் நோன்புக் கட்டுப்பாடுகளைப் பலர் கடைப்பிடிக்கிறார்கள். தூய்மையின்மை புழுவுக்கு நோய் கொண்டுவரும் என்ற அனுபவ அறிவு அந்த நோன்பின் உள்ளே இருப்பதாகவே நான் எண்ணுகிறேன்.

ஏனென்றால் இழப்பு மிகப் பெரிது. எறும்புகளும் குளவிகளும் கும்பிடுபூச்சிகளும் இளம் புழுவைத் தூக்கிச் செல்லும். கூரிய வாய்கொண்ட நாவாய்ப்பூச்சிகள் உறிஞ்சிப்போடும். ஊசி ஈ எனப்படும் ஒட்டுண்ணி ஈ புழுவின் தோலில் முட்டையிட, அதன் குஞ்சு உள்ளே புகுந்து தின்று, கூடு கட்டிய பின் வெளியேறும். மஞ்சள் நிறக் குளவி வகையொன்று கூட்டைத் துளைத்தே முட்டையை உள்ளே செலுத்தும். எல்லாவற்றையும்விடக் கொடியது பெப்ரின். நோசிமா என்ற நுண்ணுயிரியால் வரும் இந்த நோய் தாயிடமிருந்து முட்டைக்கு இறங்குகிறது. மல்பெரிப் புழுவில் இதே நோயை 1865இல் தொடங்கி ஆராய்ந்த லூயி பாஸ்டர் ஒரு வழி கண்டார்: ஒவ்வொரு தாயையும் தனியே முட்டையிட வைத்து, பிறகு அதன் உடலை அரைத்து நுண்ணோக்கியில் பார்த்து, நோய்வித்து தெரிந்தால் அந்த முட்டைகளை அழித்துவிட வேண்டும். டசர் விதை நிலையங்கள் இன்றும் இதே முறையைத்தான் பின்பற்றுகின்றன. இவ்வளவுக்குப் பிறகும், ஒரு தாயின் இருநூறு முட்டையில் ஐம்பது அறுபது கூடு கைக்கு வந்தால் அது நல்ல அறுவடை.

காம்பும் கூடும்

உண்பதை நிறுத்திய புழு குடலைக் காலி செய்துவிட்டு இடம் தேடுகிறது. இரண்டு மூன்று இலைகளை இழையால் இழுத்துக் கட்டி ஒரு தொட்டிலை அமைக்கிறது. அதன் பிறகு அது நேரே கூடு கட்டத் தொடங்குவதில்லை. தொட்டிலிலிருந்து வெளியே வந்து சுள்ளியின் மேல் ஊர்ந்து, திரும்பத் திரும்ப இழை சுற்றி முதலில் வளையத்தை உண்டாக்குகிறது. வளையத்திலிருந்து கீழிறங்கி இழைகளைச் சேர்த்துக் காம்பை முறுக்குகிறது. கடைசியாகத்தான் தொட்டிலுக்குள் புகுந்து தன்னைச் சுற்றிக் கூட்டை மூடிக்கொள்கிறது. முழு வேலைக்கும் நான்கைந்து நாள்.

இந்த வரிசையின் பொருத்தத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். கருமருது இலையுதிர் மரம். இலையை மட்டும் நம்பிக் கூடு கட்டினால் கோடையில் இலையோடு கூடும் தரையில் விழும். தரையில் கறையான், எலி, காட்டுத்தீ. கிளையைப் பிடித்திருக்கும் வளையம் ஆறு மாதம் கூட்டை மேலே வைத்திருக்கிறது. முகா கூட்டில் இப்படி வளர்ந்த காம்பு இல்லை. ஓக் மரத்து ஆந்தேரியாக்களில் அது பெயருக்கு இருக்கும். ஆகவே முழுக் காம்பும் கரிய வளையமும் கொண்ட கூடு, மருது அல்லது சால் கிளையில், மத்திய இந்தியக் காட்டில் தொங்கினால் அது டசர் என்று சொல்ல இறகு தேவையில்லை.

கூடு இறுகுவதற்கும் காரணம் உண்டு. இழை இரண்டு புரதங்களால் ஆனது: உள்ளே ஃபைப்ராயின், அதைப் போர்த்திய பசையாகச் செரிசின். புழு கூட்டின் சுவரை நனைக்கும் திரவத்தோடு கால்சியம் ஆக்சலேட் படிகங்களும் வந்து படிகின்றன. இலையிலிருந்து வரும் டேனின் நிறம் தருவதோடு பசையையும் கெட்டிப்படுத்துகிறது. மல்பெரிக் கூட்டை வெந்நீரில் இட்டாலே நூல் பிரியும். டசர் கூட்டுக்குக் காரமோ நொதியோ சேர்த்து வேகவைக்க வேண்டும். காட்டுப் பட்டுக் கூடுகளிலிருந்து படிகங்களை மட்டும் கரைத்து எடுத்துவிட்டால் மென்மையாகவே நூல் பிரிக்கலாம் என்று 2011இல் ஓர் ஆய்வு காட்டியது.

மழைக்காக ஒரு தூக்கம்

கூட்டுக்குள் நடப்பது இந்தப் பூச்சியின் வாழ்க்கையில் மிக நுட்பமான பகுதி. ஜூலையில் பொரித்த தலைமுறை ஆகஸ்டில் கூடு கட்டி, மூன்று வாரம் போல உள்ளே இருந்து, செப்டம்பரில் பூச்சியாக வந்துவிடுகிறது. அதன் பிள்ளைகள் கட்டும் கூடோ டிசம்பர், ஜனவரியிலிருந்து ஜூன் வரை அப்படியே கிடக்கிறது. வடிவத்தில் இரண்டு கூட்டுப்புழுக்களும் ஒன்றுதான். ஒன்று வளர்கிறது, மற்றொன்று உறங்குகிறது. தாழ்ந்த நிலத்தில் ஆண்டுக்கு மூன்று தலைமுறை, நடுத்தர உயரத்தில் இரண்டு, மேட்டுக் காடுகளில் ஒன்று என்று ஒரே இனம் தன் ஆண்டைப் பல விதமாகப் பகுத்துக்கொள்கிறது.

உறங்கும் புழுவுக்குப் பருவம் எப்படித் தெரிகிறது? இதன் நெருங்கிய உறவான சீன ஓக் பட்டுப்பூச்சியில் கரோல் வில்லியம்ஸ், பெரி அட்கிசன் இருவரும் 1964இல் வெளியிட்ட சோதனைகள் இந்தக் கேள்விக்கு அழகான விடை தந்தன. பகல் நீள்வதை உணர்வது கண் அல்ல, மூளையே. கூட்டுப்புழுவின் முகத்தில் மூளைக்கு நேர் மேலே உள்ள தோல் ஒளியை உள்ளே விடும் சிறு சாளரமாக இருக்கிறது. தலைப்பக்கத்துக்கு மட்டும் நீண்ட பகலின் ஒளி கிடைத்தால் போதும், தூக்கம் கலைகிறது. வயிற்று முனைக்கு மட்டும் கொடுத்தால் கலைவதில்லை. மூளையை எடுத்து வயிற்று முனையில் பொருத்தியபோது, ஒளியை உணரும் இடமும் வயிற்று முனைக்கு மாறிவிட்டது. மூளை பகலை அளந்து ஹார்மோனைச் சுரக்கிறது, அந்த ஹார்மோன் வளர்ச்சியை மீண்டும் தொடங்கி வைக்கிறது.

டசர் வளர்ப்போருக்கு இந்தத் தூக்கம் பிழைப்பு சம்பந்தப்பட்டது. அடுத்த தலைமுறைக்காக ஒதுக்கிய விதைக்கூடுகளை மாலையாகக் கோத்து, காற்றோட்டமான ஓட்டு வீடுகளில் கோடை முழுவதும் தொங்கவிடுவார்கள். வெப்பம் ஏறி இறங்கினால் சில பூச்சிகள் ஏப்ரல், மே மாதத்திலேயே வெளிவந்துவிடும். அப்போது மரத்தில் தளிர் இல்லை, இணையும் போதிய எண்ணிக்கையில் கிடைக்காது. அவை வீணாகின்றன. பருவமழை தள்ளிப்போகும் ஆண்டுகளில் இந்தக் கணக்கு இன்னும் குழம்புகிறது.

வெளியேறும் முறையும் தனித்தன்மை உடையது. பூச்சிக்குக் கடிக்கும் வாய் இல்லை. தலையருகே காக்கூனேஸ் என்ற நொதியைச் சுரந்து கூட்டின் காம்புப் பக்க முனையை நனைக்கிறது. நொதி செரிசின் பசையைக் கரைக்கும், ஃபைப்ராயின் இழையைத் தொடாது. இளகிய இழைகளைக் கால்களால் விலக்கிக்கொண்டு, பொழுது சாய்ந்த பின் வெளிவருகிறது. இந்த நொதியை ஆந்தேரியா பேரினத்துப் பூச்சிகளில் கஃபாடோசும் வில்லியம்சும் 1964இல் விவரித்தார்கள். வெளிவந்த பூச்சி எதுவும் உண்பதில்லை. புழுவாகச் சேர்த்த கொழுப்பில் ஒரு வாரம், பத்து நாள் வாழ்ந்து முடிகிறது.

நூல் காட்டும் அடையாளம்

இழைகள் அறுபடாமல் விலகினாலும் ஓட்டை விழுந்த கூட்டில் நூல் சிக்கலாகிவிடும். அதைக் கையால் இழுத்து முறுக்கின்றி எடுப்பது கீச்சா நூல். ஓட்டை விழாத கூட்டிலிருந்து 700 மீட்டரும் அதற்கு மேலும் தொடர் இழை கிடைக்கும். பல ஊர்களில் பெண்கள் தங்கள் தொடையில் உருட்டியே அதை நூற்றுவந்தார்கள். தோல் புண்படும் வேலை, கூலியும் குறைவு. இயந்திரங்கள் வந்து அந்த முறை குறைந்து வருவது மனநிறைவு தரும் மாற்றம். பாகல்பூர், சாம்பா, கோபால்பூர் தறிகளுக்கு இந்த நூல்தான் போகிறது. அவித்த கூட்டுப்புழு காட்டுக் குடும்பங்களில் உணவாகிறது.

டசர் இழை மல்பெரி இழையைவிடப் பல மடங்கு தடித்தது, குறுக்குவெட்டில் தட்டையானது, மேற்பரப்பில் நீளவாக்கில் வரிகள் கொண்டது. இதனால் இழைத் துணுக்கு ஒன்று கிடைத்தாலே மின்னணு நுண்ணோக்கியில் அதைப் பிரித்தறிய முடிகிறது. ஐரீன் குட், ஜோனதன் மார்க் கெனோயர், ரிச்சர்ட் மெடோ ஆகியோர் 2009இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சிறந்த சான்று. ஹரப்பாவில் கிடைத்த செம்புக் கலவை அணிகலன்களின் உள்ளேயும், சான்ஹுதாரோவின் மாக்கல் மணிகளின் உள்ளேயும் எஞ்சியிருந்த நூல் துணுக்குகள் பட்டு என்று அவர்கள் கண்டார்கள். காலம் கி.மு. 2450 முதல் 2000 வரை. ஹரப்பா இழைகளில் டசர் பூச்சியின் பட்டு இருப்பதாகவும் அடையாளம் கண்டார்கள். சீனாவுக்கு வெளியே கிடைத்த மிகப் பழைய பட்டுச் சான்று அதுதான். நெய்தவர் பெயரும் துணியின் வடிவமும் அழிந்து, பூச்சியின் இன அடையாளம் மட்டும் நாலாயிரம் ஆண்டு தாங்கியிருக்கிறது.

இழையின் வேதியியலும் வேறு. மல்பெரி ஃபைப்ராயினில் கிளைசினும் அலனினும் மாறி மாறி வரும். டசரில் அலனின் மட்டும் தொடர்ச்சியாக வரும் பகுதிகள் நிறைய. அதோடு செல்கள் பற்றிக்கொள்ள உதவும் மூன்று அமினோ அமிலங்களின் சிறு வரிசையும் டசர் புரதத்தில் உண்டு. கரக்பூர் ஐ.ஐ.டி.யில் எஸ்.சி. குண்டுவின் குழு, திசு வளர்க்கும் சட்டகமாக இந்தப் புரதத்தைப் பயன்படுத்த விரிவாக ஆராய்ந்தது. டேனின் கலந்த நிறத்தால் இந்தப் பட்டுக்குச் சாயமேற்றுவது கடினமாக இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் லீக் நகரச் சாயத் தொழிலர் தாமஸ் வார்டில் அந்தச் சிக்கலைத் தீர்க்க உழைத்து, 1878 பாரிஸ் கண்காட்சியில் டசரை உலகச் சந்தைக்குக் காட்டினார்.

ஒரே பெயருக்குள் பல பூச்சிகள்

இனங்காணுதலில் மிக முக்கியமானதாக நான் கருதுவது இந்தக் கடைசிப் பகுதி. மைலிட்டாவுக்குள் நாற்பதுக்கும் மேற்பட்ட சூழல் இனங்கள் பதிவாகியுள்ளன. சிங்பூமின் டாபா, ஒடிசாவின் சுகிந்தா, சிமிலிபாலின் மோடல், பஸ்தரின் ரெய்லி, ஜார்க்கண்டின் லாரியா, சரிஹான், மகாராஷ்டிரத்தின் பண்டாரா, கோதாவரிக் கரையின் ஆந்திரா என்று ஒவ்வொன்றுக்கும் தனி மரம், தனிக் காலம், தனிக் கூடு. மோடலும் ரெய்லியும் சால் மரத்துப் பூச்சிகள், பெரிய கூடு, தடித்த சுவர், கூடுதல் பட்டு. டாபா மருதில் வளரும். மனிதன் பார்வையில் அடங்கி இணை சேர்ந்து முட்டையிடும்.

அந்த அடக்கமே டாபாவை எங்கும் பரப்பியது. ராஞ்சியில் 1964இல் டசர் ஆராய்ச்சி நிலையம் அமைந்த பிறகு நோயற்ற முட்டைகளைப் பெருக்கி வழங்குவது ஒழுங்குபட்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அதனால் வருமானம் வந்தது. அதை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் பரவலாகக் கொடுக்க ஏற்ற விதை டாபா என்பதால், வேறு சூழல் இனங்கள் வாழும் காடுகளுக்கும் அது போனது. தப்பிய ஆண் பூச்சிகள் உள்ளூர்ப் பெண்ணைத் தேடிப் பறப்பதைத் தடுக்க வழியில்லை. எல்லாம் மைலிட்டா என்ற ஒரே பெயரில் பதிவானதால், கலப்பு நடந்ததே கணக்கில் வராமல் போனது. லாரியா, மோடல் போன்றவை அருகி வருவதைப் பட்டு ஆராய்ச்சியாளர்கள் தொடர்ந்து கவலையோடு எழுதிவருகிறார்கள்.

ரெய்லியின் நிலை வேறு. அதைப் பிடித்து வளர்க்கும் முயற்சிகள் சரியாகக் கைகூடவில்லை. பஸ்தரில் அதனால் முகாம் முறையைக் கையாள்கிறார்கள். சேகரித்த கூடுகளில் ஒரு பங்கை விற்காமல் நிறுத்தி, பருவமழை தொடங்கும்போது சால் காட்டுக்குள்ளேயே தொங்கவிடுகிறார்கள். பூச்சிகள் வெளிவந்து தாமே இணை சேர்கின்றன. இணை சேர்ந்த பெண்களை மரங்களில் விட, அவை கிளைகளில் முட்டையிடுகின்றன. அதற்கு மேல் காவலும் இல்லை, மரம் மாற்றலும் இல்லை. இலையுதிர் காலத்தில் கிராமத்தார் காட்டுக்குள் நடந்து, எட்டிய கிளைகளிலிருந்து கூடு பொறுக்கிவருகிறார்கள். உயரக் கிளைகளில் தங்கிவிடும் கூடுகள் அடுத்த ஆண்டின் விதை. கூட்டுக்கு விலை ஏறும்போது அந்த உயரக் கிளைகளுக்கும் ஆள் ஏறுகிறது. அல்லது கிளையே வெட்டி வீழ்த்தப்படுகிறது. முகாமுக்கு நிறுத்தும் பங்கு எவ்வளவு, அது எந்த மரத்திலிருந்து வந்த கூடு, டாபா கலந்ததா என்று கிராமம் வாரியாக ஒரு பதிவேடு வேண்டும். அந்தக் கூடுகளைச் சூழல் இனப் பெயரோடு தனித்தனியே எடுத்துவைக்கும் விதை நிலையங்கள் வேண்டும். மைலிட்டா என்ற பொதுப் பெயர் மட்டும் எழுதிய சீட்டோடு ஒரு மூட்டை விதைக்கூடு கூட பஸ்தருக்குள்ளோ சிமிலிபாலுக்குள்ளோ போகக் கூடாது.